'உங்க குழந்தைக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாது' என்று பள்ளி சொல்லலாமா? சிறப்புக் குழந்தைகள் விஷயத்தில் சட்டம் சொல்வது என்ன?

"சேர்க்க மாட்டோம்னு நாங்க சொல்லலையே சார். உங்க பையனைப் பாத்துக்குற அளவுக்கு எங்ககிட்ட வசதி இல்லைன்னுதான் சொல்றோம். ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டீங்கன்னா அவனுக்கே நல்லது."

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு என ஏதோ ஒன்றுடன் இருக்கும் குழந்தையின் பெற்றோர், அட்மிஷன் சீசனில் ஒருமுறையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் குரலை உயர்த்துவதில்லை. டீ கூட வரவழைத்துக் கொடுப்பார். ஆனால் எழுத்தில் மட்டும் எதுவும் தரமாட்டார். விண்ணப்பப் படிவம் "தீர்ந்துபோச்சு" என்பதோடு கதை முடியும்.

பள்ளித் தரப்பிலும் ஒரு பயம் உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, மற்ற பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? ஒரு பள்ளி எதை மறுக்கலாம், எதை மறுக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தச் சட்டம்?

முக்கியமாக இரண்டு. ஒன்று, 2009-ம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். எல்லோரும் ஆர்டிஇ என்று சொல்வது இதைத்தான். இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆர்டிஇ பற்றிப் பள்ளிகளுக்கு நன்றாகவே தெரியும். 25 சதவிகித இடஒதுக்கீடு, கட்டண பாக்கி என்று ஆண்டுதோறும் செய்தியில் அடிபடும் சட்டம் அது. இரண்டாவது சட்டம் பெரும்பாலான பள்ளி அலுவலகங்களில் பஸ் பாஸ், அரசு வேலை ஒதுக்கீடு தொடர்பான ஒன்றாக மட்டுமே அறியப்பட்டிருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். சிறப்புக் குழந்தைகள் விஷயத்தில் பள்ளிகள் மீது அதிகப் பொறுப்பைச் சுமத்துவது இரண்டாவது சட்டம்தான்.

1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஏழு வகை மாற்றுத்திறன்கள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆக உயர்ந்தது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு (டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா போன்றவை), பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, தலசீமியா, ஹீமோஃபிலியா, தசைச் சிதைவு நோய் எல்லாம் இப்போது பட்டியலுக்குள் இருக்கின்றன. வகுப்பறையில் "சோம்பேறி", "எழுத வணங்கல", "வாலு" என்று பெயர் வாங்கும் பல குழந்தைகள் உண்மையில் இந்தப் பட்டியலுக்குள் வரக்கூடியவர்கள்.

ஏடிஹெச்டி மட்டும் தனி வகையாக இந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பதால், அந்த வழியாகத்தான் சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது.

அட்மிஷனை மறுக்க முடியுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவுக்குத் தலைப்பே 'கல்வி நிறுவனங்களின் கடமை' என்பதுதான். அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டுக்கும் அது பொருந்தும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்த முடியாது என்பதால், தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளும் இதற்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பிரிவின் முதல் கடமை, பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வது. படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் மற்ற மாணவர்களுக்குச் சமமான வாய்ப்பு தரவேண்டும் என்று அது சொல்கிறது. ஆண்டு விழாவில் "நீ உக்காந்து பாரு கண்ணா" என்று முன்வரிசையில் உட்காரவைப்பதைப் பல பள்ளிகள் சலுகையாக நினைக்கின்றன. சட்டத்தின் கணக்கில் அது சலுகை இல்லை.

பள்ளிகளின் வழக்கறிஞர்கள் இங்கே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வதுண்டு. பள்ளிகள் இதைச் செய்யும்படி அரசு 'முயற்சி எடுக்க வேண்டும்' என்றுதான் 16-வது பிரிவு தொடங்குகிறது; அப்படியானால் கடமை அரசுக்குத்தானே, எங்களுக்கு எங்கே என்பது வாதம். கேட்க வலுவாகத்தான் இருக்கும். ஆனால் பிரிவின் தலைப்பும், அதற்குக் கீழே வரும் எட்டு உட்பிரிவுகளும் பேசுவது பள்ளி செய்ய வேண்டியவற்றைத்தான். போதாக்குறைக்கு, மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று 3-வது பிரிவு தனியாகவே சொல்கிறது. அதில் ஒரே ஒரு விதிவிலக்குதான். நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அதற்குத் தேவையான அளவில் மட்டும் அப்படி நடந்துகொண்டதாகக் காட்டப்பட வேண்டும். "மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்பதை எந்த நீதிமன்றத்திலும் நியாயமான நோக்கமாக நிறுவுவது கஷ்டம்.

ஆர்டிஇ சட்டமும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அதன் 13-வது பிரிவின்படி, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டினால் முதல்முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆர்டிஇ சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது வரைதான். எல்கேஜிக்கு வரும் மூன்றரை வயதுக் குழந்தைக்கு, 25 சதவிகித ஒதுக்கீட்டைத் தவிர மற்ற இடங்களில், இந்தச் சட்டத்தை நேரடியாகக் காட்டுவது சிரமம். அங்கே கைகொடுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16-வது பிரிவுதான். அதில் வயது வரம்பு இல்லை.

40 சதவிகிதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு 31-வது பிரிவு இன்னொரு உரிமையையும் தருகிறது. 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, அல்லது விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைச் சட்டம் குழந்தையின் பக்கத்தில் வைத்திருக்கிறது. பள்ளி முதல்வரின் கையில் அதைக் கொடுக்கவில்லை. "ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க" என்பது ஆலோசனையாக இருக்கும்வரை தவறில்லை. சீட் மறுப்பதற்கான காரணமாக மாறும்போதுதான் அது சட்டமீறல்.

25 சதவிகித ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு இடம் உண்டா?

உண்டு. 2012-ல் ஆர்டிஇ சட்டம் திருத்தப்பட்டபோது, 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வரையறைக்குள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 'நலிவடைந்த பிரிவினர்' வேறு, இது வேறு. அதனால் இந்தப் பிரிவில் குடும்ப வருமானம் தடையில்லை. தமிழ்நாட்டு நடைமுறையில் இந்தக் குழந்தைகளின் விண்ணப்பங்களுக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை தரப்படுகிறது.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு ஆர்டிஇ பொருந்தாது என 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இதைக் காட்டி, மாற்றுத்திறனாளிகள் தொடர்பான எதுவுமே தங்களுக்குப் பொருந்தாது என நினைக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. அது தவறான முடிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை.

'வசதி இல்லை' என்பது காரணமாகுமா?

மொத்த விவகாரத்தின் இதயம் இதுதான். சட்டம் இங்கே ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது: நியாயமான ஏற்பாடு. ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையை அனுபவிக்கத் தேவையான மாற்றங்களை, சரிசெய்தல்களைச் செய்து கொடுப்பது என்று இதற்குப் பொருள். அதேசமயம், ஏற்பாடு செய்து தருபவருக்கு அளவுக்கு மீறிய சுமையாக அது இருக்கக்கூடாது என்ற வரம்பும் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. 'நியாயமான' என்ற அடைமொழி இரண்டு பக்கமும் வெட்டும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதையே 'பாகுபாடு' என்ற வரையறைக்குள் சட்டம் சேர்த்துவிட்டது. குழந்தையைத் திட்டினால், ஒதுக்கினால் மட்டும் பாகுபாடு அல்ல. செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டாலும் பாகுபாடுதான்.

நடைமுறையில் எப்படி? சக்கர நாற்காலியில் வரும் ஏழாம் வகுப்பு மாணவியின் வகுப்பறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. உடனே லிஃப்ட் கட்டு என்று ஒரு சின்ன நர்சரி பள்ளியிடம் கேட்டால், அது பெரிய சுமை என்று பள்ளி வாதிடலாம். ஆனால் அந்த ஏழாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதற்கு என்ன செலவு? நாலு பெஞ்சைத் தூக்கிப் போடும் வேலை. லேப்பும் லைப்ரரியும் மாடியில் இருக்கும் என்பார்கள். சரி, அதற்கு என்ன வழி என்று யோசிப்பதுதான் அந்த ஏற்பாடு. கேட்கும் திறன் குறைந்த மாணவனை முன்பெஞ்சில் உட்காரவைப்பது, ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாமல் திரும்பி நின்று பேசுவது, சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தையைப் பிரேயரில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கவைக்காமல் இருப்பது, டிஸ்கிராஃபியா உள்ள பிள்ளைக்கு நோட்ஸைப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பது. இதில் எதற்கும் மேனேஜ்மென்ட் கமிட்டியின் நிதி ஒப்புதல் தேவைப்படாது.

கட்டடங்களைப் பொறுத்தவரை கால அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. கல்விக்காகப் பயன்படும் தனியார் கட்டடத்தையும் 'பொதுக் கட்டடம்' என்றே சட்டம் வரையறுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கணக்குப் போட்டால் கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போய், அணுகல் வசதி தொடர்பான விதி வெறும் பரிந்துரை போல எழுதப்பட்டிருப்பது சட்டத்துக்கே முரணானது எனச் சொல்லி, மீறவே முடியாத கட்டாயத் தரங்களை உருவாக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஷேடோ டீச்சர் செலவு யாருடையது?

நகரத்துத் தனியார் பள்ளிகளில் இப்போது அதிகம் கேட்கும் நிபந்தனை இது. "சீட் தரோம், ஆனா ஷேடோ டீச்சரை நீங்களே ஏற்பாடு பண்ணிக்கணும்." குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவும் தனி ஆசிரியருக்குப் பெற்றோர் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், பள்ளிக் கட்டணம் தனி.

'ஷேடோ டீச்சர்' என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. செலவு யாருடையது என்று நேரடியாக ஒரு வரி எழுதப்படவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தேவைக்கேற்பத் தனிப்பட்ட உதவி வழங்க வேண்டும் என 16-வது பிரிவு பள்ளியின் கடமையாகத்தான் சொல்கிறது. அந்தக் கடமையைச் சேர்க்கைக்கான நிபந்தனையாக மாற்றிப் பெற்றோர் தலையில் வைப்பது, சுற்றிவளைத்துச் சீட் மறுப்பதற்குச் சமம் என்றே வாதிட இடமிருக்கிறது. பள்ளி 'சக்திக்கு மீறிய சுமை' என்று எதிர்வாதம் வைக்கலாம். ஆனால் ஆண்டுக்கு லட்சத்தில் கட்டணம் வாங்கும் பள்ளியும், ஐநூறு பிள்ளைகள் படிக்கும் கிராமத்துப் பள்ளியும் ஒரே வாதத்தை ஒரே மாதிரி வைக்க முடியாது.

சிறப்பு ஆசிரியர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையே சொல்லியிருக்கிறது. சிறப்பு ஆசிரியர்கள் தொடர்ந்த வழக்கில் 2021 அக்டோபரில், தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைப் பின்பற்றச் சொன்னது. அதன்பிறகும் பல மாநிலங்கள் பணியிடங்களையே உருவாக்காததால், 2025 மார்ச்சில் மறுபடியும் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்த வேலையைச் செய்வது வட்டார வள மையங்களைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள். தொகுப்பூதியத்தில் இருக்கும் இவர்கள் ஒரே வாரத்தில் பல பள்ளிகளுக்குப் போய்வர வேண்டும். "டீச்சர் வியாழக்கிழமை வருவாங்க" என்ற பதிலை அரசுப் பள்ளிப் பெற்றோர் நன்றாக அறிவார்கள்.

தனியார் பள்ளிகள் ஆள் எடுக்கும்போது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சிறப்பு ஆசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஏதோ இரண்டு வார ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழைக் காட்டுபவரை அந்தப் பெயரில் வகுப்பறைக்குள் விட்டால், நாளை பிரச்னை வரும்போது பதில் சொல்ல வேண்டியது பள்ளிதான்.

கண்டுபிடிப்பதும் பள்ளியின் வேலையா?

ஆம். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்பதும் 16-வது பிரிவில் உள்ள கடமை. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையின்படி, அரசு, தனியார் என எல்லாப் பள்ளிகளிலும் மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில், எது முந்தியோ அப்போது ஆசிரியர்களே முதல்கட்ட ஸ்கிரீனிங் செய்ய வேண்டும். இதற்காகத் தலைமை ஆசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பள்ளிகள் செய்யக்கூடாத இடத்தில் 'ஸ்கிரீனிங்' நடக்கிறது. செய்ய வேண்டிய இடத்தில் நடப்பதில்லை. எல்கேஜி வாசலில் கலர் சொல்லு, ரைம் சொல்லு என்று வடிகட்டுவார்கள். மூன்றாம் வகுப்பில் 'ப'வையும் 'ம'வையும் மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்னை என்று ஒன்பதாம் வகுப்பில், பொதுத்தேர்வு ரிசல்ட் பயம் வந்த பிறகுதான் யாரோ கேட்பார்கள். அந்த ஆறு ஆண்டுகள் திரும்ப வராது.

அப்போது இன்னொரு வழக்கமும் தொடங்கும். "பத்தாவது இங்க கஷ்டம், என்ஐஓஎஸ்ல எழுத வைங்க" என டிசியைக் கையில் கொடுப்பது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நல்ல வாய்ப்புதான், பல குழந்தைகளுக்கு உண்மையிலேயே பொருந்தும். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது குழந்தையும் பெற்றோரும். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது என்கிறது ஆர்டிஇ. அதற்கு மேல் உள்ள வகுப்புகளில், மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவரும் படிப்பை முடிக்கிறாரா எனக் கண்காணிப்பது பள்ளியின் கடமை என்கிறது 16-வது பிரிவு. நூறு சதவிகிதத் தேர்ச்சி பேனருக்காக ஒரு பிள்ளையை வெளியேற்றுவது இந்தக் கடமைக்கு நேர் எதிரானது.

தேர்வுச் சலுகை யாருக்கு? 40 சதவிகிதம் கட்டாயமா?

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அவரவர் தேவையைப் பொறுத்து சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்றவை வழங்கப்படுகின்றன. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல். இதெல்லாம் அதிகாரிகள் பார்த்துத் தரும் கருணை இல்லை. கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், இரண்டாவது, மூன்றாவது மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-வது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

"சர்ட்டிஃபிகேட்ல 40 பர்சன்ட் இல்லையே, எதுவும் கிடைக்காது" என்பதுதான் பள்ளிகளில் வழக்கமான பதில். 2021 பிப்ரவரிக்கு முன்பு வேண்டுமானால் அப்படிச் சொல்லியிருக்கலாம். எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்பு கொண்ட ஒருவருக்கு சிவில் சர்வீஸ் தேர்வில் எழுதித்தர ஆள் மறுக்கப்பட்ட வழக்கில், நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு தெளிவாகச் சொன்னது: 40 சதவிகிதம் என்ற அளவு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சில உரிமைகளுக்குத்தான், நியாயமான ஏற்பாடு பெறுவதற்கு அந்த அளவு நிபந்தனை ஆகாது. இதைத் தொடர்ந்து, 40 சதவிகிதத்துக்குக் குறைவான பாதிப்புடன் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்காக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி நெறிமுறை வெளியிட்டது.

அதே 2021-ல் இன்னொரு வழக்கு. டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படவில்லை. விதியில் இருந்தது, மையத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் அவருக்கு அநீதி நடந்தது என ஒப்புக்கொண்டது, பரிகாரம் யோசிக்கும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. வழக்கில் ஜெயித்தாலும் போன ஒரு மணி நேரம் போனதுதான்.

பள்ளிகளுக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் சின்னதுதான். தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தை மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியர் மேசையில் அது தூங்கினால் பெற்றோரால் நேராகப் போய் எதுவும் செய்ய முடியாது. பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு ஓடுவதைவிட, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலேயே மருத்துவ வாரியச் சான்று, யுடிஐடி அட்டை இரண்டையும் எடுத்துவைப்பது நல்லது. பள்ளியின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலும் அதே சலுகையைக் கொடுத்துப் பழக்க வேண்டும். எழுதித்தருபவரிடம் விடை சொல்வதும் பழகிவர வேண்டிய ஒரு திறமைதான்.

அடித்தால், கேலி செய்தால்?

உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது ஆர்டிஇ சட்டத்தின் 17-வது பிரிவு. இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92-வது பிரிவு இதைவிடக் கடுமையானது. மாற்றுத்திறனாளி ஒருவரை, பொதுப் பார்வையில் படும் இடத்தில், சிறுமைப்படுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்தாலோ மிரட்டினாலோ குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். இதற்கு அடிக்கக்கூட வேண்டியதில்லை. அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து ஒரு குழந்தையின் பேச்சைப்போலப் பேசிக்காட்டும் ஆசிரியர், தான் எந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது.

மறுத்த பள்ளிக்கு என்ன தண்டனை? யாரிடம் போவது?

சட்டத்தின் எந்த விதியை மீறினாலும் 89-வது பிரிவு பாயும். முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் குறைந்தது 50,000 ரூபாய், அதிகபட்சம் 5 லட்சம். ஒரு பெரிய பள்ளிக்கு முதல் அபராதம் ஒரு மாத டீ செலவு. ஆனால் இரண்டாவது முறைக்கான தொகையும், அங்கீகாரம் புதுப்பிக்கும் நேரத்தில் வரும் கேள்விகளும் அப்படி இல்லை.

எங்கே புகார் செய்வது என்பதைவிட, எதைக் கையில் வைத்துக்கொண்டு புகார் செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. வாய்வார்த்தை மறுப்பை நிரூபிக்க முடியாது. அதனால் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, அதில் குழந்தையின் நிலையையும் தேவைப்படும் உதவியையும் இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம். பள்ளிக்கும் இதே அறிவுரைதான்: முடியாது என்று தோன்றினால், என்ன கேட்டார்கள், என்ன முயற்சி செய்தோம், எது ஏன் முடியவில்லை என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். 'சுமை' வாதம் காகிதம் இல்லாமல் நிற்காது.

முதலில் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சேர்க்கை, பள்ளியில் வசதிகள் தொடர்பாகக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. பெரும்பாலான பெற்றோர் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றுகூடக் கேட்பதில்லை. கேட்டாலே பாதி வேலை நகரும். சான்றிதழ், உதவி உபகரணங்கள் தொடர்பாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போகலாம். துன்புறுத்தல் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்.

இவற்றில் வேலை நடக்காவிட்டால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, எழுத்துப்பூர்வமான மனு போதும். விசாரணையின்போது ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கும் உண்டு. ஆணையர் தருவது பரிந்துரைதான். அதை நீதிமன்றத் தீர்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் பரிந்துரை கிடைத்த மூன்று மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று சம்பந்தப்பட்ட தரப்பு தெரிவித்தாக வேண்டும். ஏற்கவில்லை என்றால், அதே மூன்று மாதத்துக்குள் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எழுதித்தர வேண்டும். அதையும் மீறினால் உயர் நீதிமன்றம். அதற்குள் கல்வியாண்டு பாதி ஓடிவிடும் என்பதால், மனுவிலேயே 'விசாரணை முடியும்வரை குழந்தையை வகுப்பில் உட்கார அனுமதிக்க வேண்டும்' என்று இடைக்கால நிவாரணம் கேட்பதை மறந்துவிடக் கூடாது.